மாட வீதியில் ஒரு மணல் தொட்டி

(மயிலாப்பூரில் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தன்னார்வலர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பகுதியில் விழாக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜனவரியில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மயிலாப்பூர் விழா நடக்கிறது. வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி, சுந்தரேஸ்வரர் தெருவில் தின்பண்டக் கடைகள். தைப்பூசத்தை ஒட்டித் தெப்பம். பங்குனியில் பெருவிழா, தேர், அறுபத்துமூவர். ஆகஸ்டு 29-இல் கொடியேற்றி செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. அதை ஒட்டிப் பிள்ளையார் சதுர்த்தி, பிறகு நவராத்திரி, மார்கழிக் கச்சேரிகள். தி. நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்ததிலிருந்து அங்கே எல்லா நாளும் விழாக் கூட்டம்தான்.

இத்தனை கூட்டத்துக்கு நடுவே சுற்றுச்சூழலைப் பற்றி ஏதாவது வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல ஆசை. ஆனால் பெரும்பாலும் வைக்கப்படுவது என்ன? நான்கு விளக்கப் பலகைகள், கையெழுத்துப் போட ஓர் உறுதிமொழித் திரை, படம் எடுத்துக்கொள்ள ஓர் அட்டை மரம். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீரைச் சேமிப்போம், மரம் வளர்ப்போம் என்பது யாருக்குத் தெரியாது? தெரிந்ததையே திரும்பச் சொன்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத காட்சிகளை வையுங்கள். வருகிறவர் ஒன்றைச் செய்யட்டும், அல்லது ஊகிக்கட்டும். அவர் செய்வதைப் பொறுத்து விளைவு மாறட்டும். அந்த விளைவு அவருடைய வீட்டுக்கும் தெருவுக்கும் சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு அறிவுரை தேவைப்படாது.

காட்சி வைப்பது நமக்குப் புதிய கலை இல்லை. தீவுத்திடல் பொருட்காட்சியை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வோர் அரசுத் துறைக்கும் ஓர் அரங்கு இருக்கும். பொதுப்பணித் துறை அரங்கில் சிமென்டில் கட்டிய சிறிய அணை, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலுக்குப் பக்கத்தில் பச்சை வயல். மின்வாரிய அரங்கில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு அழுத்துவார்கள். அழுத்திய கையோடு அடுத்த அரங்குக்கு ஓடிவிடுவார்கள். முதல் முறை அழுத்தினாலும் பத்தாவது முறை அழுத்தினாலும் அதே விளக்குதான் எரியும் என்பது ஒரு நொடியில் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அங்கே நிற்க என்ன இருக்கிறது?

அதைவிடப் பழைய பள்ளிக்கூடம் நம் வீட்டுக் கொலு. படிகளில் பொம்மைகள் இருக்கும். படிக்குக் கீழே பிள்ளைகள் கட்டும் 'பார்க்'கில்தான் உண்மையான வேலை நடக்கும். கடுகும் கேழ்வரகும் தூவி, தண்ணீர் தெளித்து, ஒன்பது நாளில் புல்வெளி வளர்ப்பார்கள். கண்ணாடித் துண்டைக் குளமாக்குவார்கள். மண்ணைக் குவித்து மலையாக்கி, அதில் ஈரம் அதிகமானால் சரிகிறது, குறைந்தால் உதிர்கிறது என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. கட்டுகிற பிள்ளைக்குத்தான் அது அறிவியல். தெருவில் நாம் வைக்கும் காட்சி, கட்டுகிற பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த அனுபவத்தை வந்து போகிறவருக்கும் கொடுக்க வேண்டும்.

1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கிய பிராங்க் ஓப்பன்ஹைமர் இதைத்தான் செய்தார். அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி அவர். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலை போய், கொலராடோவில் மாடு வளர்த்து, பிறகு பள்ளியில் பாடம் நடத்தியவர். அவர் உருவாக்கிய கூடத்தில் காட்சிகளைச் செய்யும் பட்டறையே பார்வையாளர் கண்முன்னால் இருந்தது. இன்று உலகம் முழுவதும் செய்து பார்க்கும் அறிவியல் கூடங்கள் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் நம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. ஆனால் கட்டடத்துக்குள் வருகிறவர் அதற்காகவே நேரம் ஒதுக்கி, சீட்டு வாங்கி வருகிறார். தெருவில் வருகிறவர் சாமி பார்க்கவோ பஜ்ஜி சாப்பிடவோ வந்தவர். இடுப்பில் குழந்தை, கையில் பை, பக்கத்தில் ஒலிபெருக்கி. அவர் நமக்குத் தருவது ஒரு நிமிடம். அந்த நிமிடத்தை மதித்து வடிவமைக்க வேண்டும்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். தொண்ணூறுகளில் பெசன்ட் நகரில் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டு வந்தபோது, இயற்பியல் படித்த சேகர் ராகவன் வீடு வீடாகப் போய், மழைநீரை மண்ணுக்குள் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். காதுகொடுத்தவர்கள் குறைவு. பின்பு ஆகாஷ் கங்கா அறக்கட்டளை வழியாக மந்தைவெளியில் மழை இல்லம் என்று ஒரு நிலையான கண்காட்சி உருவானது. 2002 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அதைத் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டே, 2003-இல், தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மணற்பாங்கான கடலோரத்துக்கு ஒரு முறை, களிமண் பகுதிக்கு ஒரு முறை, பாறைப் பகுதிக்கு ஒரு முறை என்று மண்ணுக்கு மண் வழி மாறும் என்பதை மக்கள் நேரில் கண்டு கேட்டுப் போக ஓர் இடம் கிடைத்தது. அந்த வேலையைத் தெருவுக்குக் கொண்டுவர ஒரு மீன் தொட்டி போதும். எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

மூன்றடி நீளக் கண்ணாடி மீன் தொட்டி ஒன்று வாங்குங்கள். ஒரு முனையிலிருந்து அரையடி விட்டு, குறுக்கே கொசுவலை ஒட்டிய தடுப்பு ஒன்றை நிறுத்துங்கள். சின்னப் பக்கம் கடல். பெரிய பக்கம் மயிலாப்பூர். மயிலாப்பூர்ப் பக்கம் கழுவிய கொரகொரப்பான மணலை நிரப்புங்கள். பொடி மணல் வேண்டாம், அடைத்துக்கொள்ளும். முதலில் மணலில் நல்ல தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். கடல் பக்கத்துக்கு, லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்து நீல மை கலந்த தண்ணீர். நிஜக் கடலிலும் ஏறத்தாழ இதே அளவு உப்புதான் இருக்கிறது. கை கழுவும் சோப்புப் புட்டியின் மூடியில் அழுத்தினால் பீய்ச்சும் பம்பு இருக்கிறதல்லவா, அதன் குழாய் முனையில் துணி கட்டி மணலுக்குள் இறக்கிவிடுங்கள். அதுதான் போர். பக்கத்தில் ஒரு பூவாளி. அதுதான் மழை.

பிள்ளை வந்து பம்பை அழுத்தும். தெளிந்த தண்ணீர் டம்ளரில் விழும். சந்தோஷமாக இன்னும் அழுத்தும். கண்ணாடி வழியாகப் பார்த்தால், தொட்டியின் அடியில் நீலம் மெல்ல நகர்ந்து வருவது தெரியும். உப்புத் தண்ணீர் கனமானது, அதனால் அது மேலாக வராமல் அடிவழியாக நுழையும். பக்கத்தில் நிற்கும் அம்மாவோ பாட்டியோ அதைப் பிள்ளைக்கு முன்னால் பார்த்துவிடுவார்கள். 'நிறுத்து, நிறுத்து, வருது பாரு' என்று அவர்கள் குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் எழுந்துவிட்டால் உங்கள் காட்சி வென்றுவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. டம்ளரில் நீலம் விழுந்த பிறகு பிள்ளையின் கையில் பூவாளியைக் கொடுங்கள்.

இங்கேதான் இரண்டாவது தொட்டி வேலைக்கு வருகிறது. முதல் தொட்டியில் மணல் திறந்து கிடக்கும். இரண்டாவதில் மணல் மேல் டைல்ஸ் துண்டுகளைக் கடல் பக்கம் சாய்வாகப் பரப்பி மூடிவிடுங்கள். நம் வீட்டு முற்றங்கள் இப்போது அப்படித்தான் இருக்கின்றன. இரண்டு தொட்டியிலும் இரண்டு பிள்ளைகள் ஒரே அளவு பம்பு அடிக்கட்டும், ஒரே அளவு மழை பெய்யட்டும். திறந்த மணலில் மழை இறங்கி நீலத்தை எதிர்த்து நிற்கும். டைல்ஸ் போட்டதில் மழை வழுக்கிக்கொண்டு கடலுக்கே போய்ச் சேரும், அடியில் நீலம் தாராளமாக உள்ளே வரும். ஒன்று முக்கியம். நீலம் உள்ளே வருவது சீக்கிரம் நடக்கும், அதைத் திரும்ப வெளியே தள்ள எத்தனையோ பூவாளி தேவைப்படும். விழாவுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாது என்று அதைச் சுலபமாக்கிக் காட்டாதீர்கள். உண்மை அதுதான், அதை அவர் பார்க்கட்டும்.

நிஜ நிலத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. கடல் மட்டத்துக்கு மேலே நிலத்தடி நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது கடல் நீரைத் தடுத்து நிறுத்தும் என்று கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டார்கள். அப்படியானால் நாம் மேலே ஒரு மீட்டர் இறைத்தால், காலப்போக்கில் கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரத் தயாராக இருக்கிறது. மழையின் பக்கமும் கணக்கைச் சொல்லுங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு மனைமேல் விழும் மழை மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி என்றால் 26 லாரித் தண்ணீர். லிட்டர் என்றால் தலையாட்டுவார்கள், லாரி என்றால் நிமிர்ந்து பார்ப்பார்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. லாரியின் விலை இந்த ஊர் மக்களுக்குத் தெரியும்.

அடுத்தது டம்ளர் தண்ணீர். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள்: உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு சின்னப் புட்டியில் கொண்டு வாருங்கள், அளந்து சொல்கிறோம். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவை மதிப்பிடும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடல் நீர் 35,000. நேரடியாகப் பிடித்த மழைநீரில் சில பத்துகள்தான் இருக்கும். வந்தவர் தானே மீட்டரை முக்கி, எண்ணைப் படித்து, கிணறா, போரா, குழாய்த் தண்ணீரா, போர் என்றால் எத்தனை அடி என்று சீட்டில் எழுதட்டும். துணியில் வரைந்த தெரு வரைபடத்தில் அந்தத் தெருவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டட்டும். 500-க்குள் பச்சை, 2,000 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. வீட்டு எண் வேண்டாம், தெருப் பெயர் போதும். தன் வீட்டுத் தண்ணீர் உப்பு என்று ஊருக்குத் தெரிவதை யாரும் விரும்ப மாட்டார்கள், வீட்டை விற்கும் எண்ணத்தில் இருப்பவர் சுத்தமாக விரும்ப மாட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தத் துணி பேச ஆரம்பித்துவிடும். கடலுக்குப் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் சிவப்பாக இருக்கும் என்று நினைத்தால் அப்படி வராது. நடுவில் ஒரு பச்சை நிற்கும். அது யார் வீடு, ஏன் பச்சை என்று கேள்வி எழும். பழைய கிணற்றை மூடாமல் மொட்டைமாடித் தண்ணீரை அதில் விடுகிறவர் வீடாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். தெருக்காரர்களே விவாதிக்கட்டும். அமைப்பாளருக்கு முன்கூட்டித் தெரியாத பதில் அங்கே கிடைக்கிறது. அதனால்தான் இந்தக் காட்சியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

இதே மேசையில் இன்னொரு சோதனையும் கட்டாயம் செய்யுங்கள். ஒரே தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் ஒரு ஸ்பூன் உப்பு, இன்னொன்றில் ஒரு ஸ்பூன் சர்க்கரை. மீட்டர் என்ன சொல்லும் என்று முதலில் கேளுங்கள். இரண்டிலும் ஏறும் என்பார்கள். உப்பில் எண் எகிறும். சர்க்கரையில் பெரிதாக அசையாது. இந்த மீட்டர் மின்சாரம் எவ்வளவு கடத்தப்படுகிறது என்பதை அளந்து, அதிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை கடத்தாது. கிருமியும் மீட்டருக்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் குறைந்த எண்ணைக் காட்டலாம். எண் குறைந்தால் தூய்மை என்ற நம்பிக்கை சென்னையில் வேரூன்றிவிட்டது. அதை ஒரு ஸ்பூன் சர்க்கரை ஆட்டம் காண வைக்கும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வடிகட்டும் கருவி விற்பவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து ஒரு செய்முறை காட்டுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். தண்ணீர் பழுப்பாகி அடியில் அழுக்கு திரளும். இதைத்தானா குடிக்கிறோம் என்று வீடே பதறும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்தது இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு. அவர்களுடைய கருவியில் வடிகட்டிய தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் அதிகம் பாயாது, அதனால் அது தெளிவாக நிற்கும். கண்முன்னே நடக்கும் செய்முறைக்கு அத்தனை பலம். எழுதி வைத்த பலகையை மக்கள் சந்தேகிப்பார்கள், தன் கண்ணால் பார்த்ததைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆகவே செய்முறை காட்டுகிறவரின் பொறுப்பு பலகை எழுதுகிறவரின் பொறுப்பைவிடப் பெரிது. நல்ல நோக்கத்துக்காகக்கூட ஒரு காட்சியைத் திருத்திக் காட்டாதீர்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முன்பு வைக்கப்படும் களிமண், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒப்பீட்டுக்கும் இது பொருந்தும். சுடாத களிமண் தண்ணீரில் கரைந்து உட்காரும், பிளாஸ்டர் அப்படியே நிற்கும். அதைக் காட்டுங்கள். ஆனால் பூசும் வண்ணங்களில் உள்ள உலோகங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கரையும் என்பதையும், களிமண் பொம்மைக்கே சாயம் பூசினால் அந்தத் தீங்கு நீங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு உருண்டைகளை வைத்தே இதைச் செய்யலாம். சாமி உருவத்தைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுக் கரைத்துக் காட்ட வேண்டாம். பார்ப்பவர் மனம் புண்பட்டால் அவர் அறிவியலைக் கேட்க மாட்டார், கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

செய்து பார்ப்பது என்றால் கைவைப்பது மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையின் மிகச் சிறந்த சூழலியல் காட்சி எது என்று என்னைக் கேட்டால், பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைத்தான் சொல்வேன். அங்கே யாரும் எதையும் தொடக் கூடாது. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் ஆண்டுதோறும், ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரமாக நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து, வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் சென்று குஞ்சுகள் பொரிகின்றன. பொழுது சாயும் நேரத்தில் அவற்றை ஈரமணலில் விடுவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனங்கள். கைபேசி விளக்கு கூடாது, ஏனென்றால் குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஊரும், நகரத்தின் விளக்குகள் அதைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குஞ்சு அலைவரை போகும், அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து போடும், மறுபடி அது கிளம்பும். போய்ச் சேருமா சேராதா என்று தெரியாது. மூன்று வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் பேசாமல் நிற்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காத அதே சென்னைக் கூட்டம்தான் இது.

அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நீங்கள் ஒன்று செய்யலாம். இரண்டு மண்சட்டிகளில் கடற்கரை மணல். ஒன்றை நிழலிலும் ஒன்றை வெயிலிலும் நாள் முழுக்க வைத்து எடுத்து, மணலுக்குள் வெப்பமானியைச் செருகுங்கள். எது எத்தனை பாகை என்று ஊகிக்கச் சொல்லி, பிறகு படிக்கச் சொல்லுங்கள். முட்டை இருக்கும் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு ஏறினால் பெண் குஞ்சுகள் கூடும் என்று அப்போது சொன்னால், பூமி சூடாவதைப் பற்றித் தனியாக ஓர் அரங்கு தேவையில்லை. 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆமை மூச்சுக்கு மேலே வர வேண்டும், இழுவலையில் சிக்கினால் வர முடியாமல் மூழ்கிச் சாகும். குஞ்சை விட்டுவிட்டுக் கைதட்டிப் போகிறவருக்கு இதுவும் தெரிய வேண்டும்.

இனி தி. நகர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு காலத்தில் நீண்டு கிடந்தது ஓர் ஏரி. ஆங்கிலேயர் வரைபடங்களில் 'லாங் டேங்க்' என்றே பெயர். 1920-களில் மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்து உருவாக்கிய குடியிருப்புக்குத்தான் பிட்டி தியாகராயர் பெயரைச் சூட்டினார்கள். 2021 நவம்பர் மழையில் அதே தி. நகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. ஏரியை மூடினால் தண்ணீர் மறந்துவிடாது என்று மேடையில் முழங்கலாம். அதைவிட, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூபைப் பாண்டி பஜாருக்குக் கொண்டு போங்கள். இருபதடி நீளமுள்ள, உள்ளே இருப்பது தெரியும் ரப்பர் குழாய், உள்ளே சாயத் தண்ணீர். இரண்டு பேர் இரண்டு முனையையும் அடிக்கோல் மேல் பிடித்து நிற்கட்டும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் கணக்கு தப்பும், அதை முதலில் தட்டி வெளியேற்றுங்கள். இங்கே விழும் மழை எந்தப் பக்கம் ஓடும் என்று கடைக்காரரிடமும் பூக்கார அம்மாவிடமும் கேளுங்கள். பிறகு அளந்து, வித்தியாசத்தைத் தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு எழுதுங்கள். அம்பு அம்பாகச் சேர்ந்தால் தெருவின் வடிகால் வரைபடம் கண்முன் விரியும். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்ட தெருக்களில், சாலை வீட்டு வாசலைவிட எத்தனை அங்குலம் உயர்ந்துவிட்டது என்பதையும் அந்தக் குழாய் காட்டும். அந்த எண்ணை வார்டு கவுன்சிலரிடம் கொண்டு போகலாம். விழாக் காட்சி ஒன்று மனுவாக மாறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆசையே உண்டு.

கொசுப்புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிரட்டைத் தண்ணீரில் கிடைக்கும் புழுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, மேலே வலை கட்டி, பூதக்கண்ணாடி வையுங்கள். புழு தலைகீழாகத் தொங்கி, வால் பக்கத்துக் குழலால் நீர்மட்டத்தில் மூச்சு விடுவதைப் பார்த்தவர், வீட்டுக்குப் போனதும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டைக் கழுவுவார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே புழுக்களை அன்றைக்கே அழித்துவிடுங்கள். கண்காட்சியால் தெருவில் கொசு பெருகினால் அதைவிடக் கேடு வேறில்லை.

வடிவமைப்பில் சில நடைமுறைகளை விட்டுவிட முடியாது. தொட்டியைச் சுவரோரம் வைக்காதீர்கள், நான்கு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். மேசை உயரம் ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சளவு இருந்தால் போதும், பெரியவர்கள் குனிவார்கள். பகல் வெயிலில் திரையும் தொலைக்காட்சியும் தெரியாது, அவற்றை நம்பாதீர்கள். மின்சாரம் இல்லாமல் ஓடும் காட்சிதான் தெருவுக்கு ஏற்றது. ஒவ்வொரு காட்சியும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். நீலம் ஏறிய மணலைக் கழுவ அதைவிட அதிக நேரம் ஆகும், அதனால் மாற்றுத் தொட்டி தயாராக இருக்கட்டும். கொட்டும் தண்ணீருக்கு வாளி வையுங்கள், கோலத்தின் மேல் ஓடவிடக் கூடாது. பலகையில் ஒரே ஒரு கேள்வி, கைநீட்டும் தூரத்தைவிடப் பத்து மடங்கு தள்ளி நின்று படிக்கும் அளவு எழுத்தில். ஃப்ளெக்ஸ் பேனர் எங்கள் அரங்கில் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். குப்பையைப் பற்றிப் பேசிவிட்டு மறுநாள் காலையில் துப்புரவுப் பணியாளருக்கு நாமே குப்பை விட்டுப் போவது அநியாயம்.

இடத் தேர்வு காட்சியைப் போலவே முக்கியம். மக்கள் ஏற்கெனவே காத்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். தின்பண்டக் கடை வரிசை, நீர்மோர்ப் பந்தல், செருப்பு விடும் இடம். ஆனால் அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் எதையும் வைக்காதீர்கள். அன்றைய நெரிசலில் ஒரு மேசைகூட ஆபத்து. அன்று நீர்மோர் கொடுக்க உதவுங்கள், அது போதும்.

தன்னார்வலர்களாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்காதீர்கள், கேளுங்கள். பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வாரம் பழக்கி நிறுத்தினால், அவர்கள் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். 1980 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கிரகணங்களையும் வெள்ளி இடைநகர்வையும் தெருவுக்குக் கொண்டுவந்தது, ஊருக்கு ஊர் ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் நம்பித்தான். காட்சி வேலை செய்கிறதா என்று அறிய கருத்துப் படிவம் தேவையில்லை. பார்த்துவிட்டுப் போனவர் வேறொருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி வருகிறாரா என்று கவனியுங்கள். வராவிட்டால் அந்தக் காட்சியை மாற்றுங்கள்.

ஒரு நாள் விழா முடிந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டால் அந்தப் பொட்டு வைத்த துணிக்குப் பாதி மதிப்புதான். அதை அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி விரிக்க வேண்டும், புதிய பொட்டுகளைப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதற்கான வேலை விழாவுக்கு முன்பே தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்கு முன்பு ஒரு முறை, பொங்கல் முடிந்ததும் ஒரு முறை, உங்கள் தெருவில் திறந்த கிணறு உள்ள வீடுகளில் கயிற்றில் கல் கட்டி இறக்கி, கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றிலும் இப்படிச் சில கிணறுகள் கிடைத்தால்கூடப் போதும், வரும் விழாவில் மக்கள் முன் வைக்க நம்மிடம் நம் ஊரின் கணக்கே இருக்கும். கிணறு உள்ள வீடு எதுவென்று தெரிந்தவர்கள், வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு, வாசலில் வைத்திருக்கும் நோட்டில் தெருப் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். அளவு நாடாவும் கயிறும் நாங்கள் தருகிறோம்.